சக ஊழியர் உங்கள்மேல் புகார் கொடுத்துவிட்டால்

வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், தம்மேல் புகார் என்று கேள்விப்பட்டதும் செய்கிற முதல் காரியம், கொடுத்தவரைத் தேடிப்போய் ‘உனக்கு நான் என்ன பண்ணேன்?’ என்று கேட்பது. பெரும்பாலும் புகாரில் இருந்த விஷயத்தைவிட இந்த இரண்டு நிமிடப் பேச்சுதான் வினையாக முடிகிறது. பழைய சம்பவத்துக்குச் சாட்சி இருக்குமோ இருக்காதோ, இதற்கு மொத்த அலுவலகமும் சாட்சி. ‘புகார் கொடுத்ததற்காக மிரட்டினார்’ என்று இரண்டாவது புகார் எழும். முதலாவது நிற்காமல் போனாலும் இது நின்றுவிடும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் தனியார் அலுவலகம், ஆலை, கடை, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. அங்கே குற்றச்சாட்டு ‘17 ஏ’-யா ‘17 பி’-யா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே நடக்கும். முன்னது சிறு தண்டனைக்கு, பின்னது பெருந்தண்டனைக்கு. ஆனால் பதில் எழுதுவது பற்றி இங்கே சொல்லியிருப்பது அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில், வந்திருப்பது என்ன?

‘உன்மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் இருக்குப்பா, பாத்து நடந்துக்கோ’ என்று மேனேஜர் காபி மெஷின் பக்கத்தில் சொல்வதும் புகார்தான். மூன்று பக்கக் குறிப்பாணையும் (மெமோ) புகார்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்லக் கூடாது. வாய்வழியாக வந்ததற்கு உடனே நீண்ட மெயில் அனுப்பினால், ஒன்றுமில்லாததை நீங்களே கோப்பாக்கியவர் ஆவீர்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘எந்த விஷயம், எப்போது நடந்தது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.’ சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எச்.ஆர். மெயில் அனுப்பிக் கூப்பிட்டால் அது முதற்கட்ட விசாரிப்பு. ‘விளக்கம் கேட்கும் நோட்டீஸ்’, ‘ஷோ காஸ்’, ‘மெமோ’ என்று தாளில் வந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கான கதவு திறந்துவிட்டது, பதிலுக்குக் கெடுவும் இருக்கும். உள்ளகப் புகார்க் குழுவிடமிருந்து வந்தால் அது 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி வந்தது. அதன் ஓட்டமே தனி. கீழே தனியாகச் சொல்கிறோம். காவல் நிலையத்திலும் புகார் பதிவாகியிருந்தால், அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுமுன் வக்கீலைப் பாருங்கள். இங்கே எழுதிக் கொடுப்பது அங்கே போய்ச் சேரும்.

மொட்டைக் கடிதமாக வந்திருந்தால், யார் எழுதியது என்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்காதீர்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, தவறான ஆளைச் சந்தேகித்து, புதிதாக ஒரு பகையைச் சம்பாதித்துக்கொள்வதுதான் வழக்கமான முடிவு.

அன்றிரவு செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சம்பவம் பற்றி நினைவில் இருப்பதை ஆறு தலைப்பில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், யார் யார் அங்கே இருந்தார்கள், இதைக் காட்ட என்ன பதிவு இருக்கிறது. உங்களுக்குப் பாதகமானதையும் எழுதுங்கள். இது உங்கள் கண்ணுக்கு மட்டும். நான்கு நாள் கழித்து எழுதினால், வீட்டிலும் நண்பரிடமும் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையைத்தான் எழுதுவீர்கள். நடந்தது அதில் பாதிதான் இருக்கும்.

அடுத்தது சான்றுகள். வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள், உங்கள் பக்கம் அசிங்கமாகத் தெரிந்தாலும் சரி. எதிராளியின் போனில் அது இருக்கும். உங்கள் போனில் மட்டும் இல்லாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தேதியும் முன்பின் செய்திகளும் தெரியும்படி எடுங்கள். உங்களுக்குச் சாதகமான ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால், மீதியை அவர்கள் காட்டுவார்கள்.

ஐ.டி. நிறுவனங்களில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பயத்தில் ஆபீஸ் மெயில்களை மொத்தமாகத் தம் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறுவனத் தகவல் வெளியே போவதைக் கண்காணிக்கும் மென்பொருள் அதைப் பிடித்துக்கொடுக்கும். சக ஊழியரோடு வாய்த்தகராறு என்று தொடங்கியது, தகவல் திருட்டு என்று முடியும். அதற்குப் பதிலாக, மெயிலின் தேதி, நேரம், தலைப்பு, யாரிடமிருந்து யாருக்கு என்பதை நோட்டில் குறித்துக்கொண்டு, ‘இந்த மெயில்களைப் பரிசீலிக்க வேண்டும்’ என்று எச்.ஆருக்கு எழுதுங்கள்.

சிசிடிவி காட்சி உங்களுக்கு உதவும் என்றால் தாமதிக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில வாரங்களில் எல்லாம் போய்விடும். காட்சியை உங்களிடம் தரச் சொன்னால் தரமாட்டார்கள். அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: ‘இரண்டாம் மாடி ஸ்டோர் வாசல் கேமரா, இன்ன தேதி, மதியம் 1.45 முதல் 2.15 வரை உள்ள பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோருகிறேன்.’ கேமரா, தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். ‘சிசிடிவியைப் பாருங்கள்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கேட் ரெஜிஸ்டர், பஞ்ச் பதிவு, டூட்டி சார்ட், வேலை டிக்கெட்டின் வரலாறு இவையும் இதே வகைதான்.

எச்.ஆர். கூப்பிடும்போது

எச்.ஆர். உங்கள் வக்கீல் இல்லை, எதிரியும் இல்லை. நிறுவனத்துக்குச் சிக்கல் வராமல் பார்ப்பது அவர் வேலை. இதைப் புரிந்துகொண்டால் அங்கே போய் அழுவதும் தேவையில்லை, சண்டை போடுவதும் தேவையில்லை.

உட்கார்ந்ததும் நான்கு கேள்விக்கு விடை வாங்குங்கள்: குற்றச்சாட்டு என்ன, யார் விசாரிக்கிறார்கள், நான் எழுத்தில் பதில் தர வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தத் தேதிக்குள், அதுவரை என் வேலையில் ஏதும் மாற்றம் உண்டா. புகார் கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் விடலாம். அதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள். என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள் என்பது தெரிந்தால் பேசப் போதும்.

கேட்டதற்கு மட்டும் பதில். எச்.ஆர். பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலர் கேட்காததையெல்லாம் கொட்டுகிறார்கள். ‘நடந்தது’, ‘நடக்கவில்லை’, ‘நினைவில்லை’ என்பவை மூன்றும் வெவ்வேறு பதில்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய விஷயத்தைக் கேட்டால் ‘நினைவில்லை, பதிவைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்பதே நேர்மையான பதில். பதற்றத்தில் ‘இல்லவே இல்லை’ என்று சொல்லிவிட்டு, பிறகு ஒரு மெயிலோ காட்சியோ வெளிவந்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். சின்னத் தவறு பொய்யாக வளர்வது இப்படித்தான்.

போனில் ரகசியமாக ரெக்கார்ட் செய்யாதீர்கள். பல நிறுவனங்களின் விதியில் அதுவே தனிக் குற்றம். வெளியே வந்த கையோடு, அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்: ‘இன்று 11 மணிக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை இவை, நான் சொன்னவை இவை. விடுபட்டிருந்தால் தெரிவிக்கவும்.’ ஆறேழு வரி போதும். ரெக்கார்டிங்கைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பதில் எழுதுவது

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. புகார் கொடுத்தவருக்குப் பதில் எழுதாதீர்கள். புகாரில் உள்ள வாக்கியத்துக்கு எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு எடுத்துக்காட்டில் தெரியும்.

ஆலையில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கும் ஒருவர்மேல் வந்த புகார் என்று வைத்துக்கொள்வோம்: ‘14-ம் தேதி மதியம் ஷிஃப்ட் மாறும்போது எல்லோர் முன்னாலும் என்னைக் கையாலாகாதவன் என்று திட்டினார். அடிக்கடி இப்படிச் செய்கிறார். வேண்டுமென்றே எனக்கே நைட் ஷிஃப்ட் போடுகிறார்.’

பெரும்பாலோர் எழுதும் பதில்: ‘இது என் நற்பெயரைக் கெடுக்கும் சதி. புகார்தாரர் வேலையே சரியாகச் செய்யமாட்டார். போன மாதம் இரண்டு நாள் சொல்லாமல் லீவு போட்டார். என் மூன்றாண்டு உழைப்பை எல்லோரும் அறிவார்கள்.’ இதில் 14-ம் தேதி என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. படிப்பவர் இரண்டு முடிவுக்கு வருவார்: திட்டியது உண்மை, இவருக்கு அந்த ஆள்மேல் ஏற்கெனவே கடுப்பு இருக்கிறது. அதாவது, புகாரை நீங்களே நிரூபித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

புகாரை மூன்றாக உடையுங்கள். எண் போடுங்கள்.

முதலாவதுக்கு: ‘14-ம் தேதி மதியம் சுமார் 1.55 மணிக்கு இரண்டாம் லைனில் மெஷின் நின்றிருந்ததால் குரலை உயர்த்திப் பேசினேன். “இதைக்கூடப் பார்க்க முடியாதா” என்று கேட்டேன். புகாரில் உள்ள சொல்லை நான் சொல்லவில்லை. அப்போது லைனில் இருந்த ஆபரேட்டர் ஒருவரும் தரக்கட்டுப்பாட்டு ஊழியர் ஒருவரும் கேட்டிருக்கலாம், பெயர்கள் இணைப்பில். மற்றவர் முன்னால் குரலை உயர்த்தியது சரியில்லை என்பதை ஏற்கிறேன்.’

நடந்ததில் எது உண்மையோ அதை ஒப்புக்கொள்வதால் நீங்கள் தோற்றுவிடுவதில்லை. குரல் உயர்ந்ததைப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதை மறுத்தால், மறுக்க வேண்டிய அந்த ஒரு சொல்லையும் சேர்த்து நம்பமாட்டார்கள்.

இரண்டாவதுக்கு: ‘“அடிக்கடி” என்பதற்குத் தேதியோ நிகழ்வோ குறிப்பிடப்படவில்லை. குறிப்பிட்டுத் தந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறேன். இப்போதைக்கு இதை மறுக்கிறேன்.’ தெளிவில்லாத குற்றச்சாட்டுக்கு இதற்குமேல் நீட்டாதீர்கள். நீங்களாக ‘ஒருவேளை ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறாரோ’ என்று எடுத்துக் கொடுத்தால் அது நான்காவது குற்றச்சாட்டு.

மூன்றாவதுக்கு: ‘டூட்டி சார்ட் என்னால் தயாரிக்கப்பட்டு, பிரிவு மேலாளரால் ஒப்புதல் தரப்படுகிறது. கடந்த மூன்று மாத சார்ட் இணைப்பில் உள்ளது.’ இந்த இடத்தில் எழுதும் முன் நீங்களே எண்ணிப் பாருங்கள். பிரிவில் எட்டுப் பேர் இருந்து, மற்றவர்களுக்கு மாதம் ஆறு நைட், இவருக்கு மட்டும் பதினொன்று என்று வந்தால், அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் இல்லையென்றால், வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும் புகாரில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, சார்ட்டை மாற்றும் முறையையும் எழுதிவிடுவது நல்லது.

கவனியுங்கள், மூன்று பதிலிலும் புகார்தாரரின் வேலைத்திறன் பற்றி எதுவும் இல்லை. அவர் லீவு போட்டது, அவர் யாரோடு நெருக்கம், எந்த ஊர், என்ன சாதி, இவை எதுவும் வரக் கூடாது. ‘அவர் தூண்டுதலில் இவர் கொடுத்தார்’ என்பதும் வேண்டாம், கையில் ஆதாரம் இல்லாதவரை. கடைசியில் ‘இதை மீறி நடவடிக்கை எடுத்தால் சட்டப்படி சந்திப்பேன்’ என்று ஒரு மிரட்டல் வரி சேர்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எடுத்துவிடுங்கள். சட்டப்படி சந்திக்கப் போகிறவர் அதை முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அளவு ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரிக் கடிதத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். விசாரணையில் ‘இந்த வரிக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் உங்களால் சொல்ல முடிய வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்து முழுதும் புரியவில்லை என்றால் தமிழில் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நோட்டீஸில் 48 மணி நேரம் என்றோ ஏழு நாள் என்றோ இருக்கும். பற்றாது என்றால், கெடு முடிவதற்குள் அவகாசம் கேளுங்கள். காரணமும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். ‘டூட்டி சார்ட் நகல் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்த நாளிலிருந்து மூன்று நாளில் பதில் தருகிறேன்.’ கெடு முடிந்தபின் கேட்டால் ‘பதில் இல்லை’ என்று ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

எழுதி முடித்ததும் ஓர் இரவு ஆறவிடுங்கள். காலையில் படித்து, கோபத்தில் வந்த பெயரடைகளை அடித்துவிட்டு அனுப்புங்கள். தாளில் கொடுத்தால் நகலில் ‘பெற்றேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

‘ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போ, இதோட விட்டுடறேன்.’ ஆலைகளிலும் கடைகளிலும் இதைக் கேட்காதவர் குறைவு. சொல்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லலாம். ஆனால் அவர் மாற்றலாகிப் போவார், கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். அடுத்த முறை ‘ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்’ என்று அதே தாள்தான் பேசும். உண்மையில் தவறு செய்திருந்து வருத்தம் தெரிவிக்க விரும்பினால், செய்ததை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள்: ‘14-ம் தேதி குரலை உயர்த்திப் பேசியதற்கு வருந்துகிறேன்.’ ‘என்மேல் கூறப்பட்ட குற்றங்கள் அனைத்துக்கும்’ என்ற சொற்றொடர் எக்காரணம் கொண்டும் வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், மெமோவை வாங்கவே மறுப்பது. வீரம் போலத் தெரியும்; பலன் இல்லை. வாங்க மறுத்தார் என்று இரண்டு சாட்சி வைத்து எழுதிக்கொண்டு, வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவார்கள், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். வாங்குவது ஒப்புக்கொள்வது ஆகாது. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பயமாக இருந்தால் ‘உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘நீயே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா தந்துடறோம்’ என்பது மூன்றாவது. சில நேரம் இது உண்மையிலேயே நல்ல வழி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறையிலேயே, அந்த ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரு நாள் கேளுங்கள். தானாக விலகியவர் பிறகு ‘என்னை நீக்கிவிட்டார்கள்’ என்று வழக்காடுவது மிகக் கடினம்.

உள் விசாரணை என்று வந்தால்

உங்கள் பதில் திருப்தியில்லை என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தந்து ‘டொமஸ்டிக் என்கொயரி’ வைப்பார்கள். விசாரணை அலுவலர் ஒருவர், நிர்வாகத்துக்காக எடுத்துரைப்பவர் ஒருவர், நீங்கள், உங்களுக்கு உதவியாக ஒரு சக ஊழியர் அல்லது சங்க நிர்வாகி. வக்கீலுக்குப் பொதுவாக அனுமதி இல்லை; நிர்வாகம் சட்டம் படித்தவரை எதிரில் நிறுத்தினால் நீங்களும் கேட்கலாம், கேட்பதை எழுத்தில் கேளுங்கள். உதவியாளராகக் கூட்டாளியை அழைப்பதைவிட, நிதானமாகப் பேசுகிற, நிலையாணையை (நிறுவனத்தின் வேலை விதிகளை) படித்திருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே குற்றவியல் நீதிமன்றத்தைப்போல் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். ‘நேரடி சாட்சி இல்லையே, என்ன செய்துவிடுவார்கள்’ என்று அசட்டையாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

குறுக்கு விசாரணை உங்கள் உரிமை. அதை வீணாக்குவதும் எளிது. ‘ஏன் பொய் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘நான் பொய் சொல்லவில்லை’ என்று பதில் வரும், அது பதிவாகும். அதைவிட: நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்? எத்தனை அடி தூரம்? கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்ததா? இந்தப் புகாரை எழுதிய தேதி என்ன? அதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா? பதில் உங்களுக்குத் தெரியாத கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஒவ்வொரு நாள் முடிவிலும் நடவடிக்கைத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கமும் படியுங்கள். நீங்கள் சொல்லாதது இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால், ‘இன்ன வரி நான் சொன்னதல்ல’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் நீங்கள் இல்லாமலேயே விசாரணை முடியும்.

விசாரணை அறிக்கை வந்தபின், தண்டனை முடிவு செய்யுமுன், அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். விசாரித்தவர் ஒருவர், தண்டிப்பவர் வேறொருவர் என்றால் இது கட்டாயம் என்று 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். அறிக்கையில் எந்தச் சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்ட இதுதான் கடைசி வாய்ப்பு.

விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தால் அது தண்டனை இல்லை; வேலை உறவும் முறிந்துவிடவில்லை. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குக் கூலியில் பாதி, தாமதம் உங்களால் இல்லையென்றால் அதற்குமேல் 75 சதவீதம். 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கையே 2020-ம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1981-ம் ஆண்டு பிழைப்பூதியச் சட்டம் ஒரு படி மேலே போய், 180 நாளைத் தாண்டினால் முழு ஊதியம் என்கிறது. தரவில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் எழுத்தில் கேளுங்கள். இந்தக் காலத்தில் வேறெங்காவது வேலைக்குப் போனால் பிழைப்பூதியம் கிடைக்காது, புதுக் குற்றச்சாட்டும் சேரும்.

பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால்

பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் இடத்தில் இதை விசாரிப்பது உள்ளகப் புகார்க் குழு. தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு. ஆகவே ‘ஆபீஸ் மீட்டிங்’ போல நினைத்துப் போகாதீர்கள்.

நாட்கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். புகாரின் நகல் குழுவுக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அது கையில் கிடைத்த பத்து வேலை நாளுக்குள் உங்கள் பதில், ஆவணப் பட்டியல், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் போய்ச் சேர வேண்டும். பலர் பதிலை மட்டும் கொடுத்துவிட்டு சாட்சிப் பட்டியலை விட்டுவிடுகிறார்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், பிறகு பத்து நாளில் அறிக்கை, அதன்பின் 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று அமர்வுக்கு வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் தந்து நீங்கள் இல்லாமலே முடிக்கலாம். எந்தக் கட்டத்திலும் வக்கீல் உள்ளே வர முடியாது. வெளியே ஆலோசனை கேட்கத் தடையில்லை.

சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டும். நீங்கள் ஆள் அனுப்பிக் கேட்கக் கூடாது. பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டமே தடுக்கிறது.

ரகசியம் காப்பது இங்கே சட்டக் கடமை. புகார்தாரர் பெயர், புகாரின் உள்ளடக்கம், விசாரணையில் நடந்தது எதுவும் வெளியே போகக் கூடாது. நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘என்மேல் பொய்ப் புகார்’ என்று போடுவது இதற்குள் வரும். சாட்சியாக நீங்கள் குறிப்பிடும் நபரிடமும் நேரில் போய்ப் பேசாமல், குழுவே அழைக்கட்டும் என்று விடுங்கள்.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டு, முதல் பதிலிலேயே அதைக் கேட்பவர்கள் உண்டு. தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு கொடுத்தது என்று விசாரணையில் தெரிந்தால்தான் அந்தப் பிரிவு பேசும். நிரூபிக்க முடியாமல் போனாலே பொய் என்று ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. உங்கள் பதிலில் அதற்கு இடம் கொடுத்தால் அது பழிவாங்கும் தொனியாகத்தான் கேட்கும்.

அதுவரை அதே இடத்தில் வேலை

தினமும் முகம் பார்க்க வேண்டியிருப்பதுதான் உள்ளதிலேயே கஷ்டமான பகுதி. புகாரைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் வேண்டாம். தூது அனுப்புவதும் வேண்டாம், அது நல்லெண்ணத் தூதாக இருந்தாலும். அதே நேரம், பேச்சையே நிறுத்திவிடுவதும் தப்பு. அவர் வேலைக்குத் தேவையான தகவலைச் சொல்லாமல் விடுவது, மீட்டிங்குக்கு அழைக்காமல் விடுவது, குழுவிலிருந்து நீக்குவது எல்லாம் பழிவாங்கல் கணக்கில் சேரும். வேலைப் பேச்சு வழக்கம்போல், முடிந்தவரை மெயிலில் அல்லது மூன்றாவது ஆள் முன்னால்.

நீங்கள் அவருக்கு மேலதிகாரி என்றால் அவருடைய லீவு, ஷிஃப்ட், அப்ரைசல் முடிவுகளை வேறொருவரிடம் மாற்றித் தரும்படி நீங்களே எழுத்தில் கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் வழக்கில் அவர் கேட்டால் குழுவே இதைப் பரிந்துரைக்கலாம்; முந்திக்கொண்டு கேட்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. உட்காரும் இடத்தையோ ஷிஃப்டையோ மாற்றினால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டீக்கடையில் பேசாதீர்கள். பேசாமல் இருக்க முடியாது என்றால், அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டும் புலம்புங்கள்.

முடிவு வந்ததும்

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் முடிஞ்சுபோச்சு, விடு’ என்று வாயால் சொன்னது அப்ரைசல் நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. எச்சரிக்கைக் கடிதம் வந்தால், ஏற்காத வரிகளை மட்டும் குறிப்பிட்டு அரைப் பக்கத்தில் பதில் தந்து, அதையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலையை விட்டு நீக்கினால் நாட்கள் முக்கியம். பாலியல் துன்புறுத்தல் குழுவின் பரிந்துரைமேல் மேல்முறையீட்டுக்கு 90 நாள். கடை, வணிக அலுவலகங்களில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான ஊதியமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. முறையாக விசாரித்துப் பதிவான ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் வேண்டியதில்லை. அதன் 41-ம் பிரிவில் மேல்முறையீடும் உண்டு. ஆலைத் தொழிலாளர் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது குறிப்பாணை, உங்கள் பதில், விசாரணைத் தாள்கள், அறிக்கை, நீக்க உத்தரவு இந்த ஐந்தையும்தான்.

இவற்றில் மெயிலில் மட்டும் இருப்பவற்றைத் தாளில், அலுவலக முத்திரையோடு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். நீக்க உத்தரவு வருகிற அன்று லேப்டாப்பை வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் உங்கள் மெயில் கணக்கு மூடப்பட்டிருக்கும்.